மேஸ்திரி நனைந்ததற்கான சான்று

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் திட்டை வாங்கியே வளர்ந்த தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். நீங்கள் நலம் என்பது நேற்று போனில் கத்தியதிலேயே தெரிந்தது. "உன் இன்ஸ்டிடியூட்லதானடா படிக்கிறா, ஒரு சர்டிபிகேட் குடுக்க உனக்கு என்ன கேடு?" என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குழாய் வேலை கற்கும் உங்கள் மகளுக்குத் தாய்மாமன் நானே மதிப்பெண் போட முடியாது. அவள் வேலை பழகும் இடத்து மேஸ்திரி, கண்ணால் கண்டதை எழுதித் தர வேண்டும். அவர் எழுதுவதற்கான படிவத்தைத் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கட்டியதும் நல்லதுக்குத்தான்.

பழைய படிவத்தில் ஒரே கேள்வி: 'வேலை எப்படி?' எல்லா மேஸ்திரிகளும் எல்லாருக்கும் 'நல்ல பிள்ளை' என்றே எழுதினார்கள். பாதியில் படிப்பை விட்டு ஓடியவனுக்கும் அதேதான். 'பார்த்ததை மட்டும் எழுதவும்' என்று மாற்றினேன். உங்கள் மகளின் மேஸ்திரி, 'காலையில் வந்தாள், பார்த்தேன். மாலையில் போனாள், பார்த்தேன்' என்று எழுதி அழகாகக் கையெழுத்தும் போட்டு அனுப்பினார். முதல்வர் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படிக்க, எல்லாரும் சிரித்தார்கள். விடுவேனா? வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டேன்: பழைய குழாயைக் கழற்றும் முன் மாணவர் என்ன செய்தார், கசிவை எப்படிச் சோதித்தார், நீங்கள் சொன்னது தவறாக இருந்தால் என்ன செய்தார். கண்டவனெல்லாம் எழுதக் கூடாதென்று, 'சாட்சி சொல்பவர் அந்த வேலையில் தேறியவராக இருக்க வேண்டும்' என்று ஒரு விதியும் சேர்த்தேன். மூளை என்றால் நம்ம வீட்டு மூளை, அக்கா!

இந்த முறை மேஸ்திரி பக்கம் நிறைய எழுதிவிட்டார். 'மெயின் வால்வை மூடிட்டேன், கழட்டும்மா என்றேன். "இருங்கண்ணே, ஒரு குழாயத் தொறந்து தண்ணி நின்னிருக்கான்னு பாத்துக்கிறேன்" என்றாள். என் பேச்சில் சந்தேகமா என்று கோபத்தில் நானே கழற்றினேன். தலை முதல் கால் வரை நனைந்தேன். நான் மூடியது மாடி வீட்டு வால்வு. அவள்தான் ஓடிப்போய்ச் சரியான வால்வை மூடினாள்.'

படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இனி எவனாவது 'மாமன் தூக்கிவிட்டான்' என்று சொல்லட்டும், பார்க்கிறேன். திங்கட்கிழமை சான்றிதழ், மறுநாள் வேலை. சொந்தக்காரர்களிடமெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு, திட்டு நீங்கலாக, என் அன்பு முழுவதும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மகள் வந்தாள். "எல்லாம் சரியா இருக்கும்மா, நீ ஒரு கையெழுத்துப் போடு" என்று படிவத்தை நீட்டினேன். "இருங்க மாமா, ஒரு தடவ படிச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்தாள். படித்துவிட்டு, "சாட்சி தேறினவரா இருக்கணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? எது மெயின் வால்வுன்னே தெரியாதவரு எப்படி மாமா தேறினவரு? இது செல்லாதே" என்றாள். செல்லாதுதான். வேறு மேஸ்திரி முன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சான்றிதழும் வேலையும் தள்ளிப்போகின்றன. அவள் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அவளை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். 'நீங்கள் சொன்னது தவறாக இருந்தால் என்ன செய்தார்' என்ற கேள்விக்கு இப்போது நானே பக்கம் பக்கமாக எழுதுவேன். என்ன செய்வது, மாமன் எழுதினால் செல்லாதே.