எங்கும் நிற்காத மெட்ரோ

"நெல்லை அள்ளுங்கம்மா, மெட்ரோ வருது!" என்று ஜாஃபர் சாதிக் கத்தினார்.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ராஜாத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை மணிக்கு?"

"இன்னிக்கு இல்லைங்க. இனிமேதான் போடணும்."

"அப்ப காயட்டும்."

ஜாஃபர் துபாய் மெட்ரோவில் இன்ஜினியராக இருந்த மனுஷர். தஞ்சாவூருக்கே மெட்ரோ போடுகிறேன் என்று அந்த வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். மனைவி நஜ்மா மட்டும் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. "திட்டம் ஓகே ஆகட்டும், பிரிக்கிறேன்" என்றுவிட்டாள்.

திட்டம் ஒன்றும் லேசுப்பட்டதல்ல! ஹை டென்ஷன் கரண்ட் டவர்களைப் பிடுங்கிய பாதை ஊர் நெடுகச் சும்மா கிடக்கிறது. அதில் மெட்ரோ விட்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபதே நிமிடம். நடுவில் எங்கும் நிற்காது. டவுன் பஸ்ஸில் அரை நாள் போய்விடும். அந்த பஸ்ஸைக் கண்டாலே ஜாஃபருக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதையில் நெல்லும் வைக்கோலும் போட்டு இடம் பிடித்திருப்பவர்களின் சம்மதத்தோடு வரைபடம் இன்று மாலைக்குள் ஒப்புதலுக்குச் சென்னைக்குப் போயாக வேண்டும்.

"எங்க வீட்டாண்ட ஒரு ஸ்டேஷன் வையிங்க, இப்பவே அள்ளிடறேன்" என்றாள் ராஜாத்தி.

அட, ஒன்றுதானே! "கலைமகள், போடுங்க!"

உதவிப் பொறியாளர் கலைமகள் டேப்லெட்டில் ஒரு புள்ளி வைத்தாள். "இருபத்திரண்டு நிமிஷம் சார்."

"ஸ்பீடைக் கூட்டிக்கலாம்!"

அடுத்து வைக்கோல் போர். அதன் சொந்தக்காரர் பஞ்சநதம் எகிறினார். "ராஜாத்தி வீட்டுல நிக்கும், எங்க வீட்டுல நிக்காதா? அவ புருஷன் எனக்குப் பங்காளி சார்! நாளைக்கு நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

அவருக்கும் ஒரு புள்ளி. அதைக் கேட்டு அவருடைய அண்ணன் ஓடிவந்தார். அவருக்கும் ஒன்று.

அதற்குள் போன் அடித்தது. நஜ்மாவின் உம்மா, ஜன்னத் பீவி.

"ஏன் மாப்பிள்ளை, ஊரு பூரா நிக்குதாமே! மாமி வீட்டுக்குக் கொஞ்சம் வளைச்சு விடக் கூடாதா?"

மாமியாரிடம் முடியாது என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்குத் தைரியம் உண்டு? பாதை வளைந்தது. வளைந்த பக்கமெல்லாம் புது ஆட்கள் கை காட்டினார்கள். ஜாஃபர் சளைக்கவே இல்லை.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க!" மாலையில் டீக்கடை பெஞ்சில் வரைபடத்தை விரித்துக் கூத்தாடினார். "அனுப்புங்க கலைமகள்!"

"அனுப்பிட்டேன் சார். நிமிஷத்தை மட்டும் கேக்காதீங்க."

அவர் எங்கே கேட்டார்? நஜ்மாவுக்கு போன் போட்டு, "பெட்டியைப் பிரி!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டவுன் பஸ் கண்டக்டர் வீரையன், வரைபடத்தின் மேல் குனிந்து ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துக்கொண்டே போனார்.

"சார், இது எங்க பஸ் ரூட்டாச்சே!"

ஜாஃபர் போனைக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். வீரையன் ஆறுதலாக அவர் தோளைத் தட்டினார்.

"விடுங்க சார். எங்க பஸ்ஸும் மொதல்ல எங்கயும் நிக்காத இருபது நிமிஷ எக்ஸ்பிரஸாதான் ஆரம்பிச்சுது."