மொட்டைமாடியில் ஒரு கிலோ உப்புக்கண்டம்

மயிலாப்பூர்,
தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.

என் மதிப்பிற்குரிய அக்கா அல்போன்சாவுக்குத் தம்பி ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் என் வீட்டுக்காரி லிசாவும் சுகம். கொட்டிவாக்கத்தில் நீயும் அத்தானும், எனக்கு வரவேண்டியதாக இருந்தும் உன் சமையலறையில் சும்மா கிடக்கும் அம்மாவின் அம்மியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது நினைவிருக்கும். "அம்மா பக்குவத்துல ஒரு உப்புக்கண்டம் போட்டு ஈஸ்டருக்குக் கொண்டா பாப்போம், அம்மிய நானே ஆட்டோல ஏத்தி அனுப்புறேன்." அத்தான் தொடையில் தட்டிச் சிரித்ததையும் நான் மறக்கவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கறிக்கடையில் நம் கோயில் பங்கு ஆட்கள் வரிசை கட்டி நின்றதால், புத்திசாலித்தனமாக மறுநாள் போய் நிதானமாக ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடிக் கொடியில் மாலை மாலையாகத் தொங்கவிட்ட பிறகுதான் உறைத்தது, உப்பு பார்க்க ஒரு நாக்கு வேண்டும், எங்கள் நாக்கு இரண்டும் ஈஸ்டர் வரை கறி தொடாத தவக்காலத்தில் இருக்கின்றன. கீழ்வீட்டு அன்வர் பாஷாவிடம் ஓடினேன். "இன்னா சார், நோன்பு வச்சிக்கினு எச்சிகூட முழுங்காம கீறேன், கறிய எட்தாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறியே!" என்றார். மேல்வீட்டு ராஜகோபாலனோ வெங்காயமே தொடாதவர். மூன்று வீடுள்ள கட்டடத்தில் எந்த விரதமும் இல்லாதது காக்கை ஒன்றுதான். அது ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு போய், ராஜகோபாலன் மனைவி ஜானு மாமி காயவைத்திருந்த வடாத்தின் நட்டநடுவில் போட்டது.

"இது என்ன சார்?"

"காய்ஞ்ச மிளகாய், மாமி."

"மிளகாய்க்கு எலும்பு உண்டோ?"

நான் ஆங்கில இலக்கியம் எம்.ஃபில். தாவரவியல் படிக்கவில்லை. "எங்காத்துல அவருக்குத் தெரிஞ்சா மாடியையே பூட்டிடுவார். பேசாம உக்காந்து புது வடாம் பிழிஞ்சு தாங்கோ" என்றார் மாமி. பிழிந்தேன் அக்கா, கை கழன்று போகிறவரை பிழிந்தேன். அதில் மனம் இளகி, "உங்க மிளகாய்க்கும் சேத்து நானே காக்கா ஓட்டறேன்" என்று மாமி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு தினமும் காவல் இருந்தார். இன்று காலை தட்டிப் பார்த்தேன், கட்டைபோலச் சத்தம் வருகிறது. டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன். உன் பையன் ஜாஸ்பரிடம் அம்மியைக் கொடுத்தனுப்பு. குழவியையும் சேர்த்து. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மாதா உன் குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஜாஸ்பருக்கு மாமாவின் ஆசீர்.

உன் பொறுமைசாலித் தம்பி,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அன்வர் பாஷா வந்தார். "நோன்பு தொறந்தாச்சு சார், இப்ப உப்பு பாக்கலாமா?" ஒரு துண்டு பொரித்துக் கொடுத்தேன். "ஒண்ணுல தெரியல சார், இன்னொண்ணு போடு." வாசனை வீடெல்லாம் பரவிவிட்டது. "எப்படிக் கீது பாய்?" என்று என் வாயிலேயே அவர் பாஷை வந்துவிட்டது. "என்னாண்ட கேட்டா எப்டி? நீயே துன்னு பாரு." என்னைத் தடுக்க வந்த லிசாவின் கடைவாயிலும் எண்ணெய். உப்பு அளவு அம்மா போட்டதேதான் அக்கா, சத்தியமாக. நிரூபிக்கத்தான் ஒரு துண்டு மிச்சமில்லை. ஈஸ்டருக்கு உன் உப்புக்கண்டத்தையே கொண்டு வா. இந்தப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு நாங்கள் கோடம்பாக்கம் போகிறோம். நம் பங்குச் சாமியாரிடம் சொன்னால், "என்னைக் கூப்பிடவில்லையே" என்று அதற்கும் சேர்த்துத் தண்டனை கொடுப்பார்.