ஹவல்தார் காலரைத் திருப்பிப் பார்த்தேன்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தச்ச சட்டை ஒண்ணைக் கொண்டுபோய் செம்பூர்ல ஒரு ஹால்ல குடுக்கணும். குடுத்துட்டு வீட்டுக்கு வரணும்.

நான் தாராவியில வீட்டுலயே மெஷின் போட்டுத் தைக்கிறவ. சந்துல நாலு பேர் நின்னு பேசிட்டிருந்தா, அவங்க போற வரைக்கும் கதவுக்குப் பின்னால நிப்பேன். கடையில மிச்சச் சில்லறை குறைஞ்சாக்கூட கேக்க மாட்டேன். அப்படிப்பட்டவ பண்ண காரியத்தைக் கேளுங்க.

ஜெயில்ல இருக்கிறவங்க சேர்ந்து ஒரு நாடகம் போட்டாங்க. கதையும் அவங்களே எழுதினது, நடிக்கிறதும் அவங்களே. பாக்க வர்றது நம்மள மாதிரி வெளியாளுங்க. ஒரு நாள் பர்மிஷன் வாங்கி, போலீஸ் வேன்ல ஹாலுக்குக் கூட்டிட்டு வருவாங்களாம்.

அவங்களுக்கு நாடகம் சொல்லிக்குடுக்கிற தீதி, நம்ம பேச்சுல அக்கா, ஆறு போலீஸ் சட்டை தைக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்திருந்தாங்க. அளவெடுக்க என்னை உள்ள விட மாட்டாங்க. அதனால ஆளுக்கு ஒரு கறுப்பு நூல். அதை நெஞ்சைச் சுத்திப் பிடிச்சு, சரியா வெட்டி, பேர் எழுதின சீட்டுல கட்டி அனுப்பினாங்க. அஞ்சு சட்டை நேரத்துக்குப் போயிருச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுல இன்ஸ்பெக்டர் சட்டை மட்டும் நின்னுபோச்சு.

தீதி காலையிலயே போன் பண்ணிட்டாங்க. இன்ஸ்பெக்டரா நடிக்கிறவர் பேர் செல்வம், உங்க திருநெல்வேலி ஆளுதான்னாங்க. அவரோட அம்மா மான்குர்த்ல இருந்து வர்றாங்களாம், முதல் வரிசையில சீட்டு. மகனை போலீஸ் பிடிச்சுட்டுப் போனப்ப வாசல்ல நின்னு பாத்தவங்க அவங்க. அதே அம்மா முன்னால ஒரு தடவையாவது போலீஸ் உடுப்புல நிக்கணும்னு அந்த மனுஷன் மூணு மாசமா ஒத்திகை பாத்திருக்கார். நாலு மணிக்கு நாடகம். சட்டை வரலைன்னா இன்ஸ்பெக்டர் பனியனோட வரணும்.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. காக்கியைப் பாத்து பயந்துராத, எல்லாம் நம்ம நடிகருங்கதான்னு.

அந்த ஒரு பேச்சை நான் அப்படியே நம்பினேன்.

இடுப்புல பிள்ளை, தோள்ல பை. சயன்ல பஸ் ஏறி மூணேகாலுக்கெல்லாம் போய் நின்னுட்டேன். கேட்ல பையைத் தொறக்கச் சொன்னாங்க. கத்திரியை எடுத்துக்கிட்டாங்க. ஊசி டப்பாவையும் பிளேடையும் எடுத்துக்கிட்டாங்க. பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுற ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அதையும் வச்சுக்கிட்டாங்க. திரும்பிப் போகும்போது வாங்கிக்கலாமாம்.

மேக்கப் ரூம்ல செல்வம் பனியனோட நின்னார். மீசையை வரைஞ்சு முடிச்சாச்சு. சட்டையை ரெண்டு கையாலயும் வாங்கி, கண்ணுல ஒத்திக்காத குறையாப் போட்டார்.

பட்டன் சேரலை. நடுவுல ரெண்டு விரல் இடைவெளி.

அவர் வயித்தை எக்கிக்கிட்டு மெதுவாச் சொன்னார்: "தங்கச்சி, இத மாட்டிட்டு மூச்சு விட்டேன்னா, பட்டன் முன்வரிசையில போயி விழும். அங்கனதான் எங்கம்மா இருக்கா."

என் தையல் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணணுமா, இல்லையா? தோணலை. சட்டை மாறிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். நான் தைக்கிற சட்டைக்கெல்லாம் காலருக்கு உள்பக்கம் மஞ்ச நூல்ல முடிச்சு போடுவேன், யாருதுன்னு தெரிய. செல்வத்துக்கு மூணு முடிச்சு. கையில இருக்கிற சட்டையில முடிச்சே இல்ல. அப்போ அவர் சட்டை அந்த அஞ்சோட முன்னாடியே போய், வேற ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கிறார். அவசரத்துல முடிச்சு போடவே மறந்துட்டேங்கிறது மட்டும் புத்தியில ஏறலை.

வெளியே வந்து பாத்தா, கதவுக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் காக்கியில நிக்கிறார். நல்ல தொப்பை. அதுக்கும் மேல சட்டை லூசா இருக்கு. இதுதான்னு நெனச்சேன்.

பின்னால போய், அவர் காலரை ரெண்டு விரலால திருப்பி உள்ள பாத்தேன்.

வாழ்க்கையில முதல் தடவையா அடுத்த ஆம்பளை காலரைப் பிடிக்கிறேன். அதுவும் நல்ல தைரியமா.

அவர் திரும்பி, "க்யா ஹுவா பேட்டா?"ன்னார், என்னாச்சு மகளேன்னு.

எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில, நீங்க மாட்டியிருக்கிறது வேற ஆள் சட்டை, கழட்டிக் குடுங்கன்னேன். அவர் என்னையே பாத்தார். பாவம், கோவிச்சுக்கிட்டார் போலன்னு எனக்கு மனசு கேக்கலை. கொஞ்சம் ஆறுதலாப் பேசுவோம்னு, உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு கேட்டேன்.

நாலு வருஷம்னார். அப்புறம் பென்ஷன் வாங்கிட்டு சாத்தாரா பக்கம் சொந்த ஊரோட போயிருவாராம்.

ஜெயில்ல பென்ஷன் கூட குடுக்காங்களான்னு ஒரு நிமிஷம் ஆச்சரியப்பட்டேன், சத்தியமா.

அதுக்குள்ள செல்வம் பாதி மாட்டின சட்டையோட வாசப்படிக்கு ஓடி வந்துட்டார். குரல் மட்டும் கம்மியாத்தான் வந்துச்சு.

"தங்கச்சி, காலரை விட்ருங்க. அவரு நெஜம்."

கைதிங்களைக் காவல் காக்க வந்த ஹவல்தார். நான் அவர் காலரை இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். விடணும்னு கைக்குத் தெரியலை.

செல்வம் ஹிந்தியில விஷயத்தைச் சொன்னார், அம்மா வந்திருக்கிறதையும் சேர்த்து. ஹவல்தார் தன் சட்டையை ஒரு தடவை குனிஞ்சு பாத்தார். குடுத்தா என் வேலை போயிரும், குடுக்கலைன்னா உன் நாடகம் போயிரும்னார். அப்புறம் என்னைப் பாத்து, பிள்ளையைக் குடு, நீ ஏதாச்சும் வழி பண்ணுன்னு கையை நீட்டினார்.

குடுத்தேன். என் மக போன உடனே அவர் விசிலை வாயில வச்சுக்கிட்டா. கவுன் மேல ஏறிருச்சு. இடுப்புல கட்டின கறுப்புக் கயிறு தெரிஞ்சுச்சு.

அதைப் பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது.

காய்ச்சலுக்கு மந்திரிச்சப்ப தாயத்து கட்டக் கயிறு பத்தலை. மெஷின் பக்கத்துல கறுப்பு நூல் ஒண்ணு கெடந்துச்சு, அது அளவு நூல்னு யோசிக்கலை. நாலு விரல் வெட்டி ஒட்டுப் போட்டுக் கட்டிவிட்டேன். மிச்ச நூலை வச்சுத்தான் சட்டையை வெட்டியிருக்கேன். செல்வம் நெஞ்சுல நாலு விரல் என் பிள்ளை இடுப்புல இருக்கு.

நேரம் மூணே முக்கால்.

ரெண்டு பக்கமும் உள்ள ஒரு அங்குலம் துணி விட்டுத்தான் தச்சிருந்தேன். பிரிச்சா சரியாகும். ஆனா கத்திரி கேட்ல, பிளேடு கேட்ல. என்ன செய்ய? இன்ஸ்பெக்டர் சட்டையை மடியில போட்டு, பல்லால கடிச்சுப் பிரிச்சேன். நடிகருங்க எல்லாரும் சுத்தி நின்னு பாக்காங்க. ஒருத்தர், நாடகத்துல இந்த சீன் எப்போ வருதுன்னு கேட்டார்.

பிரிச்சாச்சு. சேக்க ஊசி வேணுமே. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. தாலிச் செயின்ல ரெண்டு, வளையல்ல ரெண்டு, மொத்தம் நாலு ஊக்கு. கேட்ல இதை மட்டும் யாரும் கேக்கலை. ஹவல்தார் ஊக்கையும் பாத்தார், என்னையும் பாத்தார். அப்புறம், நாடகம் முடிஞ்சதும் நாலையும் எண்ணி எங்கிட்ட காட்டணும்னு சொல்லிட்டு, பிள்ளைக்கு ஃபேனைக் காட்டுற சாக்குல அந்தப் பக்கம் திரும்பிட்டார்.

பக்கத்துக்கு ரெண்டா உள்பக்கம் குத்தினேன். பட்டன் சேர்ந்துச்சு. செல்வத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "அண்ணே, நேரா நில்லுங்க. குனிஞ்சா ஊக்கு குத்தும்."

வெளியில விட்டா வம்புன்னு தீதி என்னை முதல் வரிசையில, அவர் அம்மா பக்கத்துலயே உக்கார வச்சுட்டாங்க. பிள்ளை என் மடியில தூங்கிருச்சு.

இன்ஸ்பெக்டர் மேடைக்கு வந்தார். அந்த அம்மா படக்குன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டு எங்கிட்ட கேட்டாங்க:

"ஏ பிள்ள, இவன் எப்பப் போவான்? எம்மவன் எப்ப வருவான்?"

"அவருதாம்மா உங்க மகன்"னேன்.

முந்தானை மெதுவா இறங்குச்சு. ரொம்ப நேரம் பாத்தாங்க. மேடையில மகன் கத்துறார், ஜனங்க சிரிக்காங்க. இவங்க காதுல எதுவும் விழுந்த மாதிரி தெரியலை. மீசையைப் பாத்தாங்க, தொப்பியைப் பாத்தாங்க, சட்டையைப் பாத்தாங்க.

கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "சின்னதுலேருந்தே கூனிக்கிட்டுத்தான் நிப்பான். கோர்ட்டுலயும் தலையைத் தூக்கல. இப்படி நிமிந்து நின்னு நான் பாத்ததே இல்ல, பாத்துக்கோ."

"ஆமாம்மா, பிரமாதமா நடிக்கார்"னு சொன்னேன். ஊக்கு விஷயத்தை நான் எடுக்கவே இல்லை.