கடைசி வரிசையில் ஒத்திகையர்

சங்கத் தலைவர் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நகர மண்டபத்தில் நாங்கள் போட்ட இசை நாடகத்தின் படத்தை இந்த வருடச் சங்க மலரில் பெரிதாகப் போட்டு, கீழே "நெறியாள்கை: சங்கத் தலைவர்" என்று அச்சடித்திருக்கிறார். அந்தப் படத்தில் ராணி வேசத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவள் நான். என்னைப் பழக்கியவர் யார் என்று எனக்குத் தெரியாதா?

எங்களைப் பழக்கியவர் ஒத்திகையர். அப்படித்தான் எல்லோரும் அவரைச் சொல்வோம். லண்டனில் அவரைப் போல நாடகப் பைத்தியம் பிடித்த ஒரு விசரன் அதற்கு முன்னும் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. விசா கொடுக்க மாட்டார்கள்.

காலையில் பிளேஸ்டோப் பக்கம் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் நாடகம். வெயில் கொளுத்தினாலும் கணுக்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டுத்தான். அதன் பைகளில் ராசாவின் முடி, ராணியின் சவுரி, மந்திரியின் தாடி எல்லாம் இருக்கும். ஒருநாள் ரெயினில் ரிக்கற் பரிசோதகர் வந்து கேட்டபோது அவசரத்தில் தாடியை எடுத்து நீட்டிவிட்டார். வெள்ளைக்காரன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம்.

ரெயினில் இருக்க இடமில்லை என்றால் எதிரி அரசனின் சிரிப்பை ஒருமுறை சிரித்துப் பார்ப்பார். அடுத்த ஸ்ரேசனில் பாதிப் பெட்டி காலியாகிவிடும்.

செத்தவீட்டிலும் அவருக்கு நாடகம்தான். செவன் கிங்ஸில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு மனுசி பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தா. இவர் கிட்டப் போய், "அக்கா, நல்லா அழுறியள். ஆனா பெட்டிக்குக் குறுக்கால நிக்கிறியள், சனத்துக்கு அவரைத் தெரியேல்லை. கொஞ்சம் அங்கால நிண்டு அழுங்கோ" என்றார். அடிவிழப் போகிறது என்று நான் நினைத்தேன். அந்த மனுசி விலகி நின்று அழுதா. உண்மையைச் சொன்னால், முன்னையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் நாடகத்தில் வசனம் குறைவு. எல்லாம் பாட்டு. ராசாவுக்குத் தண்ணீர் விடாய்த்தாலும் நாலு அடி பாடித்தான் கேட்க வேண்டும். இதைப் பழகுவதற்கு எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஆனால் லண்டனில் அந்தக் காலத்தில் எங்களில் இரண்டு பேருக்கு ஒரே ஷிப்ட் கிடைப்பது லொத்தர் விழுந்த மாதிரி. வேறு ஆளென்றால் நாடகத்தை விட்டிருப்பார். ஒத்திகையர், "நீங்கள் வர ஏலாட்டி நான் வாறன்" என்றார். வந்தார்.

ராசாவுக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. கண்ணாடிக்குள்ளே இருந்தபடி, காசு வாங்கும் ஓட்டைக்குள்ளால் பாடினார். தளபதி மினிகாப் ஓட்டுபவர். காருக்குள் இருந்து பழகினார். நான் சவுத்தாலில் ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் லோண்டரியில் நின்றேன். லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து, இடைவேளை நேரத்தில் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பார்.

"பிள்ளை, நான்தான் உன்ரை புருசன். சண்டைக்குப் போறன். அழு."

"அண்ணை, சூப்பவைசர் பாக்கிறாள்."

"அவளும் பாக்கட்டும். மெசின் சத்தத்துக்கு மேலால கேக்கவேணும். அழு!"

நான் குளறி அழுதேன். சூப்பவைசர் ஒரு ஐரிஷ் மனுசி. ஓடி வந்து எனக்கு மூக்குத் துடைக்கத் துண்டு தந்துவிட்டு, இவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், இப்படி ஒரு பெண்சாதியை விட்டுப் போவது பாவம் என்று புத்தி சொன்னாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, போகத்தான் வேண்டும், நாடு கேட்கிறது என்று இங்கிலிசில் சொன்னார். அதற்குப் பிறகு அவள் எனக்கு லேசான வேலையாகப் பார்த்துத் தந்தாள்.

இப்படி எல்லோரும் தனித்தனியே பழகினோம். எனக்கு ராசாவும் அவர்தான், தளபதியும் அவர்தான். ராசாவுக்கு ராணியும் அவர்தான்.

முதல் மேடையேற்றம் பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில். உடுப்பு மாற்றும் இடத்தில்தான் நான் என் புருசனை முதன்முதலாகக் கண்டேன்.

"நீங்கள்தான் ராசாவோ?"

"ஓம். நீங்கள் ராணியாக்கும். எந்த ஊர்?"

அவ்வளவுதான் பழக்கம். திரை திறந்தது. ராசா இடுப்பை வளைத்து, தொப்புள் உயரத்தில் வாயை வைத்துக்கொண்டு பாடினார். ஓட்டைக்குள்ளால் பாடிய பழக்கம். நான் கத்திய கத்தலில் முன்வரிசைக் குழந்தைகள் அழுதன. தளபதி இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ பிடித்தபடி வந்தார். வாளை உருவுவதற்கு முன் வலப்பக்கத் தோளுக்கு மேலால் ஒருதரம் பார்த்தார், பின்னால் வாகனம் வருகிறதா என்று.

அதைக்கூடச் சனம் பொறுத்தது. பெரிய பிழை வேறு. நாங்கள் யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ராசா திரைக்கு அருகில் நின்ற ஒத்திகையரைப் பார்த்து, கண்ணே என்று பாடினார். நானும் ராசாவுக்குப் பின்னால் நின்று ஒத்திகையரைப் பார்த்துத்தான் அழுதேன். வேறு முகத்தைப் பார்த்து எங்களுக்குப் பாடத் தெரியாது.

"ராசா, உன்ரை பெண்சாதி பின்னுக்கு நிக்குது!" என்று மண்டபத்திலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

ஒத்திகையர் யோசிக்கவே இல்லை. கோட்டோடு மேடைக்கு வந்து நடுவில் நின்றார். நான் பாடினால் என் பக்கம் திரும்பி ராசாவாக அழுதார். ராசா பாடினால் அந்தப் பக்கம் திரும்பி ராணியாக நாணினார். கறுப்புக் கோட்டில் வந்தது யமன் என்று சிலர் நினைத்தார்கள். ராணியின் தமையனாக்கும் என்றார்கள் சிலர். ஆனால் சனம் அழுதது. அன்று தொடங்கி எந்த மண்டபத்தில் நாடகம் போட்டாலும் அவர் நடுவில் நின்றார். பிறகு ஒருநாள் லீவு எடுத்து ஒன்றாகக் கூடிப் பழகியும் பார்த்தோம். "எனக்கு இவவின்ரை முகத்தைப் பாக்க வெக்கமாய்க் கிடக்கு" என்று ராசா மாட்டேன் என்றுவிட்டார்.

இனி நகர மண்டபத்துக்கு வருகிறேன். மேயர் வருவதாக இருந்தது. ஒத்திகையரின் மனைவியும் அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தா. இவ்வளவு காலமும் மனுசன் காசு சேர்க்காமல் கண்ட கண்ட இடமெல்லாம் திரிந்திருக்கிறார் என்று அக்காவுக்குக் கோபம். "அண்டைக்கு வந்து பார், மேடையில என்ரை பேர் சொல்லிக் கூப்பிடுவினம்" என்று இவர் சத்தியம் பண்ணியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டில் அவரின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று நாங்கள் உடுப்பு மாற்றும் இடத்துக்குத் தலைவர் பட்டுச் சால்வையோடு வந்தார்.

"அண்ணை, மேயர் வாறா. ராசா ராணிக்கு நடுவில கோட்டுப் போட்ட ஆள் நிண்டா வெள்ளையள் என்ன நினைப்பினம்?"

"குளிருது எண்டு நினைப்பினம்."

"பகிடி விடாதையுங்கோ. உங்களுக்குக் கடைசி வரிசையில கதிரை போட்டிருக்கு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப நாங்கள் ஆரைப் பாத்து அழுறது?"

"என்னைப் பாத்து அழுங்கோ. நான் முன்வரிசையில இருப்பன்."

"உங்களைப் பாத்தா அழுகை வராது, வேறை ஏதும்தான் வரும்."

ஒத்திகையர் என் தோளில் தட்டினார். "விடு பிள்ளை. கடைசி வரிசைக்குக் கேட்டா முழு மண்டபத்துக்கும் கேக்கும்." போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

ராசா தலைவரின் முகத்தைப் பார்த்துத் தொடங்கினார். சத்தமே வரவில்லை. பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தி, எல்லோருடைய தலைக்கும் மேலால் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒத்திகையர் கதிரை மேல் ஏறி நின்றார். ராசாவுக்குக் குரல் வந்தது. நானும் அங்கேதான் பார்த்தேன். தளபதியும் அங்கேதான். சனம் என்ன என்று திரும்பிப் பார்த்தது. வாயசைத்து, கையசைத்து, கண்ணீர் வழிய அந்த மனுசன் முழு நாடகத்தையும் அங்கே நின்று நடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேயரே தன் கதிரையைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தா. இது ஏதோ புதுவிதமான நாடகம் என்று அவ நினைத்திருக்க வேண்டும். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினா.

அப்போது பார்த்தேன். ஒத்திகையர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த நாடகத்தை நெறிப்படுத்தியவன் என்ற முறையில்…" என்று தொடங்கினார். மேயர் பூச்செண்டை அவர் கையில் கொடுத்தா. நான் ஒலிவாங்கியைப் பறிக்கப் பாய்ந்தேன். ராசா என் சவுரியைப் பிடித்து இழுத்தார். அது கழன்று அவர் கையோடு போய்விட்டது. சனம் அதற்கும் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தபோது ஒத்திகையர் பொத்தான்களைத் திரும்பவும் பூட்டி முடித்திருந்தார்.

வெளியில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏன் அண்ணை வாய் திறக்கேல்லை?"

"தலைவர் நல்லா நடிச்சவர் பிள்ளை. பூ வாங்கேக்கை கண் கலங்கினதைப் பாத்தியோ? உனக்கு எத்தினை மாதம் சொல்லித் தந்தனான், அந்தக் கலக்கம் உனக்கு வரேல்லை."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு அவரிடம் கேட்டா: "உது ஆர் பெட்டை? முழு நேரமும் உங்களைப் பாத்து ஏன் அழுதவள்?"

"நான்தானப்பா டிரெக்டர். என்னைப் பாத்துத்தான் அழுவினம்."

"டிரெக்டர் எண்டா உங்கடை பேரை ஏன் சொல்லேல்லை?"

அன்றிலிருந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் அக்கா தேத்தண்ணி தருவா, ஆனால் சீனி போடமாட்டா.

அவரின் பெயரை நானே இங்கே எழுதிவிடலாம். நான் எழுதினால் அக்கா நம்பமாட்டா. ஆகவே தலைவர் அவர்களே, எனக்கு ரெலிபோன் எடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். அந்த நாடகத்தை நெறிப்படுத்தியவர் யார்? இதை வெளியிடும் இதே வார இதழில், எல்லோரும் பார்க்க, உங்கள் கையெழுத்தோடு பதில் எழுதுங்கள். ஒத்திகையருக்கு இப்போது கண் மங்கல். கிழமைக்குக் கிழமை அக்காதான் இதழை அவருக்கு வாசித்துக் காட்டுகிறா. அவரின் பெயரை அக்கா ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.