மாப்பிள்ளை வீட்டார் உட்கார ஒரு மெத்தை

"ஏங்க, கையக் குடுங்க. என்னால எந்திரிக்க முடியல."

மெத்தையின் நடுப்பள்ளத்துக்குள் இருந்து கோமதியம்மாளின் குரல் வந்தது. பூலோகம் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்.

"ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரவ வாராவ. இதுல எப்படிங்க உக்காருவாவ?"

"நான் எதுக்கு இருக்கேன்? பாத்துக்கிடுதேன், விடு."

தாராவியில் ஏணிப்படி ஏறிப் போகிற ஒற்றை அறை வீடு அது. அங்கே கட்டில்தான் சோபா, கட்டில்தான் சாப்பாட்டு மேஜை. பெண் பார்க்க யார் வந்தாலும் அதில்தான் உட்கார்ந்தாக வேண்டும். போன முறை செம்பூரிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பள்ளத்தில் இறங்க, இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் அவர் மேல் சரிய, அவர் கையிலிருந்த காபி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் போய் முடிந்தது. சாயங்காலமே போன் வந்துவிட்டது, ஜாதகம் பொருந்தவில்லையாம். வரும்போது பொருந்தியிருந்த ஜாதகம் போகும்போது பொருந்தாமல் போனதற்கு மெத்தையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது பூலோகத்தின் தீர்மானம்.

இந்த வரனையும் மெத்தைக்குப் பலி கொடுக்க அவர் தயாராக இல்லை. பையன் வெங்கடேஷ், குர்லாவில் நல்ல வேலை. கோயில் கமிட்டியில் இசக்கி பேச்சோடு பேச்சாகச் சொன்னதைக் கப்பென்று பிடித்துக்கொண்டு, நாலு இடத்தில் விசாரித்து, அவரே பேசிக் கொண்டுவந்த இடம். எந்த வரனைச் சொன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மகள் மாரிசெல்விகூட இதற்கு, "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். தகப்பன் பார்க்கிற மாப்பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

புது மெத்தைக்கு வழியில்லை. வாடகை போக மிஞ்சியது அல்வாவுக்கும் பூவுக்கும்தான் போதும்.

"பஞ்சு அடிக்கிற கத்தேவாலாவக் கூப்பிடுவோமாப்பா?" என்றாள் மாரிசெல்வி.

"அவனுக்கு எதுக்குத் தண்டம் அழணும்? ஏட்டி, பெல்ட் தைக்கிற கை இது. தோலையே மடக்குதவனுக்குப் பஞ்சு எம்மாத்திரம்?"

முதலில் மெத்தையின் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டார். பள்ளம் நட்டநடுவில் இருந்ததால், திருப்பிய பிறகும் நட்டநடுவிலேயே இருந்தது. சரி என்று குப்புறக் கவிழ்த்தார். பார்க்க நன்றாகச் சமமாகிவிட்டது. பெருமையோடு உட்கார்ந்தார். முன்பைவிட ஆழமாக இறங்கினார்.

"இப்போ நீங்க கையக் குடுங்க," என்றாள் கோமதியம்மாள்.

மறுநாள் ஒரு துணிமூட்டையை எடுத்துப் பள்ளத்துக்கு அடியில் திணித்தார். பள்ளம் போய் மேடு வந்தது. சோதனைக்கு உட்கார்ந்த கோமதியம்மாள் ஒரே வழுக்கில் தரைக்கு வந்துவிட்டாள்.

"பள்ளத்துல விழுந்தாலும் மரியாதையா உள்ளயே கெடக்கலாம். இதுல மாப்ள நேரா என் மடியிலல்லா வந்து விழுவாரு!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், மூட்டையைப் பார்த்ததும் இடுப்பை மறந்தாள். "ஐயோ, இது இஸ்திரிக்காரன் குடுத்துட்டுப் போன மூட்டையல்லா! ஞாயித்துக்கெழம நான் கட்டுத பட்டுச்சேல இதுக்குள்ளதான் இருக்கு!"

பட்டுச்சேலை அப்பளம்போல் நொறுங்கி வெளியே வந்தது. அன்று இரவு பூலோகத்துக்குப் பழைய சோறுதான் கிடைத்தது. ஆனாலும் மனிதர் தளரவில்லை.

சனிக்கிழமை எதிர்வீட்டு நாகூர் கனியின் பேக் தைக்கிற பட்டறைக்குப் போனார்.

"பாய், ஃபோம் துண்டு கெடக்குமா?"

"கெடக்கு அண்ணாச்சி. ஆனா அது பேக்குக் கைப்பிடிக்குள்ள வைக்கிறது. மெத்தைக்குச் சரிவருமா?"

"நீங்க குடுங்க. சரிவர வைக்கிறது என் பொறுப்பு."

வீட்டுக்கு வந்து மெத்தையின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டார். அந்த நேரம் பார்த்து, போயிருந்த கரண்ட் வந்தது. ஃபேன் வேகமாகச் சுற்றியது. அறைக்குள் பஞ்சு பறந்தது, குழம்புச் சட்டிக்குள் இறங்கியது, ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது.

"பூலோகண்ணே! எங்க பிரியாணில பஞ்சு விழுது!" என்று எதிர்வீட்டிலிருந்து நாகூர் கனியின் மனைவி சபுரா கத்தினாள்.

மாரிசெல்வி சிரிப்பை அடக்கமாட்டாமல் மொபைலும் கையுமாக வாசலுக்கு ஓடினாள்.

பிடிபட்ட பஞ்சையும் ஃபோம் துண்டுகளையும் திணித்து, சாயங்காலத்துக்குள் பூலோகம் தைத்து முடித்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. நடுப்பகுதி பலகைபோல் நின்றது. "பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பொசுக்கென்று உள்ளே போனார். மிச்சமிருந்த பஞ்செல்லாம் நடுவுக்கு வந்துவிட, பள்ளம் ஜன்னல் ஓரத்துக்குக் குடிபோயிருந்தது.

கோமதியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம புள்ளைக்கு இந்த எடமும் தட்டிப் போயிருமா?"

"ஏட்டி, எங்க இருக்குன்னு தெரிஞ்ச பள்ளத்துக்கு எதுக்குப் பயப்படணும்? அந்த எடத்துல நான் உக்காந்துக்கிடுதேன். நம்ம மூணு பேருக்குத்தான தெரியும், வாரவங்களுக்கா தெரியப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை வெங்கடேஷ் அப்பா அம்மாவோடு வந்தான். மேலே விரித்திருந்த புதுவிரிப்பில் மெத்தை பணக்கார வீட்டு மெத்தையாகத் தெரிந்தது. வாசலில் நின்று, வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார் பூலோகம். வெங்கடேஷும் அவன் அப்பாவும் கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார்கள். மெத்தை அசையவில்லை. பூலோகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஏணிப்படி ஏறிய களைப்பில் பையனின் அம்மா பிரேமலதாவுக்கு வியர்த்து வழிந்தது. "ஸ்ஸ், என்ன உப்புசம்! நான் ஜன்னல் பக்கம் காத்தாட உக்காந்துக்கிடுதேன்," என்று அந்தப் பக்கம் நடந்தார்.

"மதினி, அங்க வெயில் அடிக்குமே..." என்று பதறினார் பூலோகம்.

"அடிக்கட்டும் அண்ணாச்சி, காத்து வருதுல்லா."

காபித் தட்டோடு கோமதியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் மாரிசெல்வி நகத்தைக் கடித்தாள். பிரேமலதா முதுகைக் காட்டித் திரும்பி, சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். இந்த ஜாதகமும் பொருந்தாமல் போகப் போகிறது என்று பூலோகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வந்ததிலிருந்து தலையே நிமிராமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடேஷ் துள்ளி எழுந்தான்.

"அரே ருக்கோ, நில்லும்மா! அங்க உக்காராத, பள்ளம் நேத்துதான் நடுவுல இருந்து ஜன்னல் பக்கம் போயிருக்கு!"