உலகக் கலைக்கு டெய்ரி ஃபார்ம் அளித்த கொடை

உலகக் கலை வரலாறு பாரிசில் எழுதப்பட்டு நியூயார்க்கில் திருத்தப்பட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அதன் தலையாய பக்கம் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில், ஒரு வீட்டின் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மர மேசையில் கையொப்பமாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது. கையொப்பமிட்டவர் திருவாளர் திருநாவுக்கரசு. ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். குடும்ப மானத்தை விடுப்பே எடுக்காமல் காத்துவருபவர்.

அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றினார். எந்த அலுவலகம் என்பதைச் சொல்வது மரியாதையாகாது. விடைபெறும் விழாவில், "சாரின் மேசையில் ஒரு காகிதம்கூட நிலுவை இல்லை" என்று பாராட்டி மாலை போட்டார்கள். அது முழு உண்மை. நிலுவையில் இருந்ததை எல்லாம் முந்தைய நாளே ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தம் பெயருக்குப் பக்கத்தில் 'நிலுவை' என்ற சொல் வருவதை அந்தக் குடும்பம் என்றைக்கும் அனுமதித்ததில்லை. பாராடாங் தீவு ஜேசுதாசன், தீவுவாசி என்பதற்கான லோக்கல் சர்டிபிகேட் கேட்டுக் கொடுத்த மனுவும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அப்பழுக்கில்லாமல் இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் கலை நுழைந்தது. தபால்காரர் காத்தமுத்து அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாப், உங்க மருமகளுக்கு ஃபின்லாந்துலேருந்து தபால். கவர் கிடையாது. சாக்ஸ். ஒத்த சாக்ஸ் மேலேயே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கான்."

"பக்கத்து வீட்டு பெங்காலி பாபு பார்த்தாரா?"

"கேட்லயே நின்னு பார்த்தாரு. 'கிஸ்கா மோஜா ஹை', யாரு சாக்ஸுன்னு கேட்டாரு. சாப்போட வீட்டுதுன்னு சொல்லிட்டேன்."

மருமகள் நளினி பள்ளியில் ஓவிய ஆசிரியை. மகன் கௌதம் கப்பலில் வேலை பார்த்ததால், மாதத்தில் பாதி நாள் வீட்டுப் பொறுப்பும் மாமனார் பொறுப்பும் அவளுடையவை. திருநாவுக்கரசு சாக்ஸை மேசைமேல் வைத்து விசாரணையைத் தொடங்கினார்.

"நம்ம குடும்பத்துல அடுத்தவன் சாக்ஸை யாரும் வாங்கினதில்லம்மா. அதுலயும் ஒத்தையா."

"மாமா, இது ஆர்ட். மெயில் ஆர்ட். நெட்ல 'கிழிந்த உறை'ன்னு எங்களுக்கு ஒரு குழு இருக்கு. முப்பத்தோரு நாட்டு ஆர்ட்டிஸ்டுங்க. தபால்ல ஒருத்தருக்கொருத்தர் எதையாவது செஞ்சு அனுப்பிக்குவோம். தேர்வுக் குழு கிடையாது. எதையும் நிராகரிக்க மாட்டோம். எதையும் திருப்பி அனுப்பவும் மாட்டோம்."

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருப்பி அனுப்ப மாட்டீங்களா?"

"ரூல் மாமா."

அவருக்குள் முதன்முறையாக ஒரு மரியாதை பிறந்தது. நிர்வாகம் தெரிந்தவர்கள் யாரோ இதை நடத்துகிறார்கள்.

அந்தக் குழுவில் யாரும் பெற்றோர் வைத்த பெயரில் இல்லை என்பது மட்டும் அவருக்கு உறுத்தியது. லிஸ்பனில் இருப்பவர் 'ஈர வியாழன்'. புவெனஸ் அய்ரஸ் அம்மையார் 'ஏழாவது பொத்தான்'. சாக்ஸ் அனுப்பிய ஃபின்லாந்துக்காரர் 'அரை உருளைக்கிழங்கு'. குழுவின் தலைவர் அவர்தான். குலப்பெயரை விட்டுவிட்டுக் கிழங்கைப் பிடித்துக்கொண்ட மனிதரை நினைத்து அவர் ஒரு நாள் முழுக்க வருந்தினார்.

அடுத்த வாரம் ஒரு தாள் வந்தது. உறை இல்லை, ஆகவே பிரித்துப் படித்த குற்றமும் இல்லை. அதில் நாலைந்து கிறுக்கல்கள், ஓர் ஒட்டிய இறகு, கீழே ஆங்கிலத்தில் ஒரு கட்டளை: 'நீங்களும் ஏதாவது சேருங்கள், அடுத்தவருக்கு அனுப்புங்கள்.' நளினி மாயாபந்தரில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். முப்பத்துநான்கு ஆண்டு இதே கட்டளைக்குக் கீழ்ப்படிந்த கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்தது. 'பார்வையிடப்பட்டது. மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று அலுவலக ஆங்கிலத்தில் எழுதியது. கையொப்பம், தேதி, வரிசை எண், ஓய்வுக்குப் பின் தாமே செய்துகொண்ட வட்ட முத்திரை. காத்தமுத்து கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உலகம் அதிர்ந்தது. அடுத்தவர் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட, ஒரே நாளில் நானூறு இதயக் குறிகள் விழுந்தன. 'வெறுமைக்கு இவ்வளவு நேர்த்தியாக வரிசை எண் இட்டவர் வேறெவருமில்லை' என்று ஒரு விமர்சகர் எழுதினார். வீடியோ கூட்டம் கூட்டினார்கள். திருநாவுக்கரசு கதர்ச் சட்டை போட்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார்.

"மேல் நடவடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நடவடிக்கை எது?" என்று கேட்டார் அரை உருளைக்கிழங்கு.

"நத்திங்" என்றார் திருநாவுக்கரசு.

"யார் எடுக்க வேண்டும்?"

"நோபடி."

பன்னிரண்டு முகங்கள் மூச்சடக்கின. பிறகு கைதட்டின. ஏழாவது பொத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லம்மா" என்றார் திருநாவுக்கரசு நளினியிடம். "மெயின்லேண்டுக்கும் அந்தாண்டை போனாத்தான் நம்ம அருமை தெரியுது."

அதன்பின் தினமும் காலையில் ஒரு 'படைப்பு'. மின் கட்டண ரசீதில் 'பார்வையிடப்பட்டது', காலண்டர் தாளில் 'கோப்பில் சேர்க்க'. மேசைமேல் ஒரு தட்டு வைத்தார். அதில் சேர்வதை நளினி எடுத்துத் தபாலில் போடுவாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், பாராடாங்கிலிருந்து காட்டுச் சாலையில் காவலோடு விடப்படும் வாகன வரிசையில், முதல் கான்வாயில் கிளம்பி, சகாயசெல்வி வந்து சேர்ந்தாள். ஜேசுதாசனின் மருமகள். கணவன் லாரன்ஸ் சுண்ணாம்புக் குகைக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போகிறவன்.

"சார், சுனாமில பேப்பர் எல்லாம் போனப்பறம் மாமனாரு உங்ககிட்ட ஒரு மனு குடுத்தாருல்லா? அதுல ஆபீஸ் வரவு நம்பர் இருக்காம். அது இருந்தாத்தான் நாங்க அப்பவே இங்க இருந்ததுக்கு ப்ரூஃபு. எங்க ஷீபாவுக்கு நர்சிங் சீட்டுக்கு லோக்கல் சர்டிபிகேட் வேணும். வேற ஒரு துண்டுப் பேப்பர் கூட எங்ககிட்ட இல்ல சார்."

"எப்போ வேணும்?"

"வாற ஜூன்ல அட்மிசன்."

"தாராளமா டைம் இருக்கு."

இரும்புப் பெட்டியைத் திறந்தார். இரண்டே நிமிடத்தில் மனு கைக்கு வந்தது.

"பார்த்தியாம்மா? பதினெட்டு வருஷம். ஒரு மடிப்புக் கலையல. வேற ஆபீசரா இருந்தா எங்கயாவது தொலைச்சிருப்பான்."

"சாவுற வரைக்கும் மாசாமாசம் வந்து கேட்டாரே சார்."

"பத்திரமா இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்பினேனே!"

அவள் எதிரிலேயே, தம் பழைய குறிப்புக்குக் கீழே புதிய குறிப்பை எழுதினார். பார்வையிடப்பட்டது. மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது. கையொப்பம், தேதி, வரிசை எண், வட்ட முத்திரை. "நாளைக்கே மருமக ஆபீஸ்ல குடுத்துடுவா" என்று தட்டில் வைத்தார். சகாயசெல்வி கும்பிட்டுவிட்டு மதியக் கான்வாயைப் பிடிக்க ஓடினாள்.

மாலையில் வந்த நளினி தட்டைப் பார்த்தாள். ஓரம் பழுத்த தாள், மங்கிய மை, இரண்டு கையொப்பங்களுக்கு நடுவே பதினெட்டு ஆண்டு. மாமனார் இதுவரை செய்தவற்றில் இதுதான் உச்சம் என்று அவளுக்குத் தோன்றியது. குழுவில் அந்த மாதத் தலைப்பு 'காத்திருப்பு'. ஆறு பேர் முகவரிப் பட்டியலை ஒட்டி லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கலைக்கும் அவருடைய கடமைக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க உலகில் இன்னும் கருவி வரவில்லை.

"அனுப்பிட்டேன் மாமா."

"நல்லது" என்றார் அவர்.

அக்டோபரில் நளினி கைப்பேசியை நீட்டினாள். "பாருங்க, ஈர வியாழன் உங்க வேலை மேல பட்டாம்பூச்சி ஒட்டியிருக்கார்!"

ஜேசுதாசனின் கையெழுத்துமேல் ஒரு தங்கநிறப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. திருநாவுக்கரசின் முதுகு வாழ்க்கையில் முதன்முறையாக நாற்காலியில் பட்டது.

உண்மை தெரிந்து நளினி அழுதாள். "அந்தம்மாகிட்ட சொல்லிடலாம் மாமா. ஒரு பொண்ணோட படிப்பு."

"சொல்லலாம். யாரு தொலைச்சதுன்னு கேப்பா. இந்த வீட்டுல எதுவும் தொலைஞ்சதில்ல."

"நான்தான் போட்டேன்னு சொல்றேன்."

"மருமக தப்பு பண்ணினான்னு ஊர் பேசறதா? அது அதைவிட அசிங்கம்."

ஆகவே அவர் மானத்துக்குப் பங்கமில்லாத வழியைத் தேர்ந்தெடுத்தார்: கடிதம் எழுதினார். 'மேற்படி தாளை உடன் திருப்பி அனுப்பக் கோருகிறேன்.' குழு விதியை நினைவூட்டிய அரை உருளைக்கிழங்கு, அந்தக் கடிதத்தைத் தொடரின் 'இரண்டாம் பாகம்' என்று குழுவின் கண்காட்சியில் சேர்த்தார். 'அவசரம்' என்று இரண்டாவது கடிதம். மூன்றாம் பாகம். மூன்றாவது கடிதத்தில் 'அவசரம்' என்பதைச் சிவப்பு மையில் மூன்று முறை அடிக்கோடிட்டு, 'ஒரு பெண்பிள்ளையின் எதிர்காலம்' என்று எழுதினார். 'கலைஞரின் உணர்ச்சி உச்சம் இதுவே' என்று நானூறு பேர் கண்ணீர்க் குறி போட்டார்கள். அந்தப் பெண்பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது கலையைக் கொச்சைப்படுத்துவதாகும் அல்லவா?

சகாயசெல்வி டிசம்பரில் வந்தாள், பிப்ரவரியில் வந்தாள்.

"மேலிடத்துல இருக்கும்மா."

"எந்த மேலிடம் சார்?"

"ரொம்ப மேல" என்றார். தாள் அப்போது ஃபின்லாந்தில் இருந்தது.

"ஷீபா பரீட்சைக்குப் படிக்கவே மாட்டேங்கா சார். சீட்டே இல்லாததுக்கு என்னத்துக்குப் படிக்கணும்னு கேக்கா. நான் உங்க பேரைச் சொல்லித்தான் அவளை உட்கார வச்சிருக்கேன். சார் வாக்கு குடுத்திருக்காருன்னு."

அன்று திருநாவுக்கரசு மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

தாள் ஐந்து நாடுகளைச் சுற்றிக் கடைசியாக ஏழாவது பொத்தானிடம் போய்ச் சேர்ந்தது. முகவரிப் பட்டியல் அவரோடு முடிந்துவிட்டது. அடுத்தவருக்கு அனுப்பாவிட்டால் விதிமீறல். தாளை முன்னும் பின்னும் புரட்டினார். உச்சியில், பழைய டைப்ரைட்டர் எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பெயரும் முகவரியும் இருந்தன: 'பொறுப்பு அலுவலர், போர்ட் பிளேர்.' ஈர வியாழனும் அரை உருளைக்கிழங்கும் உலவும் உலகில் 'பொறுப்பு அலுவலர்' என்று ஒரு கலைஞர் இருக்கக்கூடாதா? அருமையான புனைபெயர் என்று வியந்து, ஓர் எருது முத்திரையைக் குத்தித் தபாலில் சேர்த்தார்.

ஜூன் முதல் வாரம் சகாயசெல்வி கேக் பெட்டியோடு வந்தாள். திருநாவுக்கரசு உள்ளறைக்கு நழுவப் பார்த்தார். அதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள்.

"கிடைச்சிட்டு சார்! சர்டிபிகேட் கிடைச்சிட்டு!"

"எ... எப்படிம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா! ஆபீஸ்ல உதயசூரியன்னு ஒரு கிளார்க்கு சொன்னாரு. ஆறு நாட்டு முத்திரையோட மனு வந்திருக்கு, எம்பசி வழியா வந்திருக்கும்னு ஆபீசே எந்திரிச்சு நின்னுட்டாம். பட்டாம்பூச்சி எந்த நாட்டுச் சின்னம்னு பெரிய ஆபீசர் போன் போட்டுக் கேட்டாராம். பதில் வாறதுக்குள்ள பயந்துபோய் சைன் பண்ணிட்டாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிட்டு சார்!"

திருநாவுக்கரசு நிமிர்ந்தார். முதுகு மீண்டும் செங்குத்தாயிற்று.

"நான் எடுத்த முயற்சிம்மா" என்றார்.

நளினி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நற்செய்தியைக் குழுவுக்கு எழுதினாள். கேக் வெட்டி முடிப்பதற்குள் பதில் வந்தது. "மாமா, உங்களைக் குழுவிலேருந்து நீக்கிட்டாங்க."

"என்னையா? எதுக்கு?"

"'இந்தப் படைப்பு ஒரு விளைவை உண்டாக்கிவிட்டதாக அறிந்து வேதனைப்படுகிறோம். இது எங்கள் அடிப்படைக்கே எதிரானது'ன்னு எழுதியிருக்கார் அரை உருளைக்கிழங்கு."

திருநாவுக்கரசின் முகம் கறுத்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் எதிலிருந்தும் நீக்கப்பட்டதில்லை. "என் சர்வீஸ்ல ஒரு பேப்பர்லகூட இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்ததில்லைன்னு எழுதும்மா!"

சகாயசெல்வி கேக் துண்டைக் கீழே வைத்தாள். விஷயம் முழுதும் அவளுக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? ஆபீஸ்ல அந்த மனுவைக் காட்டினாங்க. முதல் கையெழுத்து உங்களது. தேதியும் பார்த்தேன். எங்க மொழி தெரியாத ஆறு பேரு ஒம்பது மாசத்துல உலகத்தையே சுத்தி அனுப்பிட்டாங்க. உங்க மேசையிலேருந்து பக்கத்து மேசைக்குப் பதினெட்டு வருஷமா போகலியே சார். மாமனாரு செத்ததே அந்த ஆபீஸ் வராண்டாவுலதானே."

நளினி அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் அடித்துக் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பியது மாமனாரைக் காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதில் உடனே வந்தது. திரை முழுக்க இதயக் குறிகள்.

"நீக்கத்தை ரத்து பண்ணிட்டாங்க மாமா. ஆயுள் கால கௌரவ உறுப்பினர். கண்காட்சியில முதல் இடம். படத்துக்குக் கீழ போடற பலகையும் அனுப்பியிருக்காங்க."

திருநாவுக்கரசு கதர்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மானம் திரும்பிவிட்டது. "இந்தம்மாவும் கேக்கட்டும். தமிழ்ல சொல்லி உரக்கப் படி."

"தலைப்பு: பார்வையிடப்பட்டது. கலைஞர்: திருநாவுக்கரசு, போர்ட் பிளேர். படைப்புக்கு எடுத்துக்கொண்ட காலம்: பதினெட்டு ஆண்டுகள்."

நளினி நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே? இன்னும் ஒரு வரி இருக்கே. படி."

"பயன்படுத்திய பொருட்கள்: காகிதம், மை, ரப்பர் முத்திரை, ஜேசுதாசன்."