காய வக்கீலும் ஒரு காதுகுத்தும்

போடிநாயக்கனூரில் அடிபட்டவன் எவனும் காய வக்கீலின் கண்ணில் படாமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். எனக்கு ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை. அவருக்கு அடிதடி வழக்கு மட்டும்தான். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று யாராவது வந்தால் முகம் சுருங்கிவிடும். "ரத்தம் கித்தம் ஏதும் வந்துச்சா அப்பு? இல்லையா? அப்ப அடுத்த தெரு வக்கீலப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

தெருவில் யாராவது உடம்பில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டால் மனிதருக்குக் கால் நகராது. ஒருமுறை மாடிப்படியில் சறுக்கி விழுந்து நெற்றி வீங்கிக் கிடந்தேன். ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எதிரி யாரு?"

"படிக்கட்டு சார்."

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. சவரக்கடையில் கன்னத்தில் லேசாகக் கத்தி பட்டாலும், "செக்சன் முந்நூத்தி இருபத்தி நாலு, ஆயுதத்தால காயம்!" என்று நாற்காலியிலிருந்தே அறிவிப்பார். பாவம் அந்தச் சவரக்காரர், பதற்றத்தில் இன்னொரு கீறலும் போட்டுவிடுவார்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் மனைவி கொடுத்த காபி நாக்கைச் சுட்டுவிட்டது.

"சூடான பொருளால காயம் உண்டாக்குனாலும் அதே இருபத்தி நாலுதேன், தெரியுமா?"

"காபி காபின்னு கத்தி என்னைய ஆத்திரப்படுத்துனீங்கள்ல, அதுக்கு ஒரு செக்சன் இல்லையாக்கும்?"

"இருக்கே! முந்நூத்தி முப்பத்தி நாலு. ஆத்திரமூட்டுனதால காயம் பண்ணுனா தண்டன ரொம்பக் கம்மி!" என்று சந்தோஷமாகச் சிரித்தார். நாக்கு வெந்தது மறந்தே போயிற்று.

இவ்வளவு ஆசையாகக் காயத்தைப் பார்க்கிறவர், வழக்கை மட்டும் கடைசிவரை நடத்த மாட்டார். எப்படியாவது ராஜி பண்ணி வைத்துவிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள் ஒருநாள் காலையில் அழுதுகொண்டே வந்தார். அவருடைய அண்ணன் முத்துக்காளையும் புருஷன் சின்னச்சாமியும் மலையில் ஒரே எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள். அங்கே அடுப்புச் சூடு ஏறாமலும் இறங்காமலும் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறினால் காயின் பச்சை போய்விடும். முறைக்கு இருந்த சின்னச்சாமி கண்ணயர்ந்துவிட்டார். மொத்தக் காயும் வெளுத்துப்போயிற்று. வந்து பார்த்த முத்துக்காளை மைத்துனர் கன்னத்தில் ஒன்று விட்டார். முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. சின்னச்சாமி அதைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

"பல்லு போனா கொடுங்காயம் ஆத்தா. முந்நூத்தி இருபத்தஞ்சு. ஏழு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்" என்றார் வக்கீல்.

"ஐயோ சாமி! பிள்ளைக்கு மூணு வயசாச்சு, இன்னும் காது குத்தல. மாமன செயில்ல வச்சுட்டு யாரு மடியில உக்கார வச்சுக் குத்துவேன்? எனக்கு ரெண்டு பேரும் வேணும் வக்கீலய்யா."

"வெறகுக்கட்டையால அடிச்சானா, கையாலயா?"

"கையாலதேன்."

"மகராசன்! ஆயுதம் எடுத்திருந்தா ராஜியே கெடையாது. அப்ப வழியிருக்கு."

வழி சட்டத்தில் இருந்தது, ஆட்களிடம் இல்லை. அண்ணன் வீட்டு வாசலை மாப்பிள்ளை மிதிக்க மாட்டார். மாப்பிள்ளை போகிற கோயிலுக்கு அண்ணன் போக மாட்டார். இருவரும் தவறாமல் சேர்ந்து போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், உத்தமபாளையம் கோர்ட்டு. வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட்டு வருமே! அதனால் ஒருவர் முன்சீட்டிலும் ஒருவர் கடைசி சீட்டிலுமாக ஒரே பஸ்ஸில் முறைத்துக்கொண்டே போய் வந்தார்கள்.

அடுத்த வாய்தாவுக்குக் காய வக்கீல் போடியிலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தேங்காய் பழத் தட்டைத் தூக்க நான். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் துண்டை விரித்தார்.

"முத்துக்காள, இதுல உக்காரு. சின்னச்சாமி, நீ அந்தப் பக்கமாத் திரும்பிக்க. ரெண்டு பேரும் பேச வேண்டாம். ஆத்தா, நீ பிள்ளைய மட்டும் கொண்டா. கேசு கேசா நடக்கட்டும், காதுகுத்து காதுகுத்தா நடக்கட்டும்."

சின்னச்சாமி திரும்பித்தான் நின்றார். ஆசாரி ஊசியை வைத்ததும் பிள்ளை வீறிட்டு மாமன் கையைக் கடித்துவிட்டது. ரத்தமே வந்துவிட்டது.

"முந்நூத்தி இருபத்தி மூணு!" என்று பழக்கத்தில் கத்திய வக்கீல், "ஏழு வயசுக்குக் கீழ, கேசு நிக்காது" என்று தானே தள்ளுபடியும் செய்தார்.

முத்துக்காளை கையை இழுக்கவே இல்லை. "கடிச்சுக்கத்தா, நல்லாக் கடிச்சுக்க. உங்கப்பன அடிச்ச கைதேன் இது" என்று சொல்லி அழுதார்.

சின்னச்சாமி மெல்லத் திரும்பினார். "போதும் விடு மச்சான். பிள்ள பயப்படுதுல்ல" என்று குனிந்து, தன் துண்டாலேயே அந்தக் கையைத் துடைத்துவிட்டார். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். 

வழக்கைக் கூப்பிட்டபோது பிள்ளை மாமன் கழுத்தை விடவில்லை. எதிரிக் கூண்டில் மாமனும் பிள்ளையுமாக ஏறினார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"யார் இந்தக் குழந்தை?"

"ராஜி பண்ணி வச்ச பெரிய மனுஷிங்க ஐயா" என்றார் வக்கீல்.

சிரித்துவிட்டுத்தான் ராஜிக்கு அனுமதி கொடுத்தார் மாஜிஸ்திரேட்.

திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். அண்ணன், தங்கை, மாப்பிள்ளை மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் மாமன் மடியில் பிள்ளை தூங்கிவிட்டது. காய வக்கீல் உட்கார இடமில்லாமல் பக்கத்தில் நின்றார். தேவாரம் தாண்டியும் அப்படியே குனிந்து நின்று, ஜன்னல் காற்றும் புழுதியும் படாமல் அந்தச் சிவந்த காதுக்கு உள்ளங்கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டே வந்தார். எழுந்துபோய் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. கூட்டத்தில் நகர முடியவில்லை.